கொலராடோ ஆற்றில் ராஃப்டிங், வழியில் கேன்யன் நடை: டெல்டாக்காரர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

குடமுருட்டி
அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் கைடோடு போகும் ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகுப் பயணம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐந்து பேர்: 40-ஐ ஒட்டிய தம்பதி, 14 வயதுப் பையன், 62-லும் 66-லும் இரண்டு பெரியவர்கள். தாத்தாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். பாட்டியைத் தவிர மற்றவர்களுக்கு ஆற்று நீச்சல் நன்றாகத் தெரியும். ஆகஸ்ட் என்று ஒரு யோசனை. மோட்டாரா துடுப்பா? வழியில் இறங்கி நடக்கும் இடங்களில் எது பெரியவர்களுக்கு ஒத்துவரும்? பாபநாசத்தில் இருந்துகொண்டே என்ன பயிற்சி எடுக்கலாம்?

வெண்ணாறு_மதகு
முதலில் ஆற்றின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அங்கே ஊர்ப்பெயர் கிடையாது, எல்லாம் மைல் கணக்கு. படகு இறக்கும் லீஸ் ஃபெரி 0. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் தங்குமிடம் ஃபேன்டம் ரான்ச் 88. லாவா ஃபால்ஸ் என்கிற பெரிய பாய்ச்சல் 179. டயமண்ட் கிரீக் 226. அங்கே ஒரு மண்பாதை ஆற்றங்கரை வரைக்கும் வருவதால் பல பயணங்கள் அதில் முடியும். கேன்யன் மொத்தம் 277 மைல், சுமார் 446 கிலோமீட்டர். முழு நீளமும் போக மோட்டாரில் ஏறக்குறைய ஒரு வாரம், துடுப்பில் இரண்டு வாரம்.

'பாதிப் பயணம்' என்று விற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபேன்டம் ரான்ச்சில் ஆள் மாற்றுவார்கள். மேல்பாதி எடுத்தவர் அங்கே இறங்கி பிரைட் ஏஞ்சல் பாதையில் மேலே ஏற வேண்டும், கீழ்பாதி எடுத்தவர் அதே பாதையில் இறங்கி வர வேண்டும். ஒன்பதரை மைல், 4,400 அடி உயர வித்தியாசம். பெரியவர்கள் இருக்கும் குழுவுக்கு இரண்டுமே வேண்டாம். படகிலேயே முடிவு வரை போகிற பயணம், அல்லது லாவா ஃபால்ஸுக்குக் கீழே 187-ஆவது மைலில் ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுகிற பயணம், இந்த இரண்டில் ஒன்றைப் பாருங்கள்.

தண்ணீர் கிளென் கேன்யன் அணையிலிருந்து வருகிறது. 1963-ல் தேக்கத் தொடங்கியது. நிரம்பினால் ஆயிரம் டிஎம்சிக்கு மேல். நம் மேட்டூர் 93.47. மேட்டூரைக் குறுவைக்கும் சம்பாவுக்கும் திறக்கிறோம், அதை மின்சாரத் தேவைக்கு ஏற்பத் திறக்கிறார்கள். அதனால் ஒரே நாளில் நீர்மட்டம் ஏறி இறங்கும். பகலில் குறைந்தது 8,000 கன அடி, இரவில் 5,000, வழக்கமான உச்சம் 25,000. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகிற மாதிரி, அங்கேயும் ஏற்றம் ஒவ்வொரு மைலுக்கும் ஒவ்வொரு நேரத்தில் வரும். ராத்திரி தண்ணீர் ஓரமாக விட்ட செருப்பு காலையில் இருக்காது. அல்லது தண்ணீர் வடிந்து, இரண்டு டன் படகு மணலில் உட்கார்ந்திருக்கும், எல்லாரும் சேர்ந்து தள்ள வேண்டும்.

கடைமடை
8,000 கன அடிக்கா இவ்வளவு பில்டப்? 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல வந்துச்சே, நம்ம கொள்ளிடம் அசரலையே.

வெண்ணாறு_மதகு
கொள்ளிடம் அசரவில்லை, முக்கொம்பு அசந்தது. அந்த மாதம் 22-ஆம் தேதி ஒன்பது ஷட்டர் போனதை மறந்துவிட்டீர்களே அண்ணே.

கன அடியை மட்டும் பார்த்தால் தப்பாகப் போகும். அகலமும் வாட்டமும் சேர்த்துப் பார்க்கணும். கொள்ளிடம் பல இடத்தில் முக்கால், ஒரு கிலோமீட்டர் அகலம். கொலராடோ கேன்யனுக்குள் சராசரியாக 300 அடி. கல்லணைக்குக் கீழே நம் நிலம் கிலோமீட்டருக்கு அரை மீட்டருக்கும் குறைவாக இறங்குகிறது. அங்கே மைலுக்கு 8 அடி, அதாவது கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர். அதுவும் சீரான இறக்கம் இல்லை. மொத்த இறக்கத்தில் ஏறக்குறைய பாதி, நீளத்தில் பத்தில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது. மீதி இடமெல்லாம் குளம் மாதிரி கிடக்கும்.

அந்தப் பத்தில் ஒரு பங்குதான் ரேப்பிட். பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் காட்டாறு வரும்போது கல்லும் சேறும் உருண்டு வந்து, அந்தப் பள்ளத்தாக்கு ஆற்றில் சேரும் வாயில் குவியும். ஆறு குறுகும், பின்னால் தேங்கும், குவியலைத் தாண்டும் இடத்தில் பாயும். 98-ஆவது மைலில் உள்ள கிரிஸ்டல் ஒரு காலத்தில் சாதாரண இடம். 1966 டிசம்பரில் வந்த ஒரே காட்டாற்றுக்குப் பிறகுதான் பெரிய ரேப்பிட் ஆனது. எனவே ரேப்பிட் இருக்கும் இடமெல்லாம் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும். நடைப் பாதைகளும் பெரும்பாலும் அதே வாயிலிருந்துதான் தொடங்குகின்றன.

இன்னொன்று. மற்ற ஆறுகளில் ரேப்பிட்டை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். இங்கே 1 முதல் 10. யாராவது '8' என்று சொன்னால் கணக்கு மாறிவிட்டது என்று பதற வேண்டாம்.

ஓடக்கோல்
படகு பற்றி.

மோட்டார் ராஃப்ட் சுமார் 35 அடி நீளம், 14 முதல் 16 பயணிகள், இரண்டு கைடு. நடுவில் பெட்டிகள் கட்டிய தட்டையான இடம் இருக்கும். பெரியவர்களை அங்கே உட்கார வையுங்கள். காற்றடைத்த முன்குழாயில் உட்காருகிறவர்தான் முதல் அலையை முகத்தில் வாங்குவார், பையனுக்கு அதுதான் பிடிக்கும். கவனிக்க வேண்டியது: பக்கக் குழாய்களுக்கும் நடுப்பகுதிக்கும் இடையிலுள்ள சந்தில் காலை விடக்கூடாது. அலையில் குழாய்கள் தனித்தனியாக மடங்கும், கணுக்கால் நடுவில் மாட்டினால் தொலைந்தது. கை இரண்டு இடத்தைப் பிடித்திருக்கணும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஒரே பக்கம் இரண்டு கையையும் வைத்தால் படகு எகிறும்போது ஆள் கீல் மாதிரி திரும்பி விழுவார்.

நீளத் துடுப்புப் படகு 18 அடி. நடுவில் உலோகச் சட்டம், கைடு மட்டும் வலிப்பார், முன்னால் பின்னால் நாலைந்து பேர் உட்காரலாம். தாளமாகப் போகும், சத்தம் கிடையாது. மூன்றாவது வகையில் ஆறு முதல் எட்டுப் பயணிகளே குட்டைத் துடுப்பு போடணும், கைடு பின்னால் இருந்து கட்டளை கொடுப்பார். அதில் ஒரு கை எப்போதும் துடுப்பின் மேல்நுனிப் பிடியை மூடியிருக்க வேண்டும். அலையில் அந்தப் பிடி விடுபட்டால் பக்கத்து ஆளின் பல்லைத்தான் தேடிப் போகும். பல் உடைவதெல்லாம் பாறையில் இல்லை, பக்கத்து ஆளின் துடுப்பில்.

'ஹை சைடு' என்று ஒரு கட்டளை வரும். படகு பாறையிலோ அலையிலோ குறுக்காக ஒட்டிக்கொண்டால் ஓட்டம் வரும் பக்கத்துக் குழாய் அமுங்கி எதிர்ப்பக்கம் தூக்கும். தூக்கிய பக்கத்துக்கு எல்லாரும் உடம்பை எறியணும். நம் புத்தி பாறையிலிருந்து விலகத்தான் சொல்லும், செய்ய வேண்டியது பாறையை நோக்கிப் பாய்வது. முதல் நாள் கரையிலேயே இரண்டு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் குடும்பத்துக்கு மோட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனிகள் வயது வரம்பு தனித்தனியாக வைத்திருக்கின்றன, பையன் வயதைச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிகொண்டான்
லைஃப் ஜாக்கெட் எதுக்கு இவ்வளவு இறுக்கமா கட்டச் சொல்றாங்க? நல்லா நீஞ்சுறவனுக்கும் கட்டாயமா?

ஓடக்கோல்
கட்டாயம் தம்பி. ஆற்றில் படகு இருக்கும்வரை கழற்றக்கூடாது. கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிப் பார்க்கணும். காதுவரை ஏறினால் அது உங்கள் ஜாக்கெட் இல்லை. முதல் வார்ப்பட்டையைக் கீழிருந்து இறுக்கிக்கொண்டு மேலே வாங்க. சாப்பிட்ட பிறகும் நனைந்த பிறகும் மறுபடி இறுக்கணும்.

நல்ல நீச்சல்காரன்தான் அங்கே சிக்குவான். காரணம் மூன்று. தண்ணீர் அணையின் அடியிலிருந்து வருவதால் பொதுவாக 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். ஏரி மட்டம் ரொம்பக் குறைந்த ஆண்டுகளில் இதைவிடச் சூடாகும், அதை நம்பிப் போகக்கூடாது. நம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி நினைத்துக் குதித்தால் முதல் நிமிடம் மூச்சு தானாக இழுக்கும், அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகும். ஜாக்கெட் இருந்தால் அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு சுமார் பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், பிறகு விரல் மடங்காது, கயிறு போட்டாலும் பிடிக்க வராது.

இரண்டாவது, அலைநுரையில் பாதி காற்று. கை வீசினால் பிடிப்புக் கிடைக்காது.

மூன்றாவது, நம் ஊரில் எங்கே நீந்தினாலும் ஒரு படித்துறையோ படுகையோ வரும். அங்கே பல மைலுக்கு இரண்டு பக்கமும் நட்டமாகக் கல்சுவர், ஏற இடம் இல்லை.

விழுந்தால்: முதல் வேலை படகோரக் கயிற்றைப் பிடிப்பது. விட்டுப்போனால் மல்லாந்து, பாதம் மேலே தெரிய, கால் ஓட்டத்தின் திசையில். பாறை வந்தால் பாதம் வாங்கிக்கொள்ளட்டும். அலையின் உச்சியில் வாயை மூடு, பள்ளத்தில் மூச்சு வாங்கு. இடுப்பளவுதானே என்று எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் சொருகினால் ஓட்டம் ஆளை முன்னால் மடித்து முகத்தை அமுக்கிவிடும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்த பிறகு எழுந்தால் போதும். கைடு கை காட்டும் திசைக்குக் குப்புறத் திரும்பி வேகமாக நீந்தணும், மல்லாந்தே கிடந்தால் அடுத்த ரேப்பிட்டுக்குப் போய்ச் சேர்வீர்கள்.

கயிற்றுப்பை எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், பையைப் பிடிக்காதீர்கள், பைக்குள் இன்னும் கயிறு இருக்கலாம். கயிறு தோள்மேல் வரட்டும், மல்லாந்து கிடங்க. கையில் சுற்றவே கூடாது.

கடைமடை
அப்ப போறதுக்கு முன்னாடி கொள்ளிடத்துல ஒரு ரப்பர் படகைப் போட்டுப் பழகிக்கலாம்ல? முக்கொம்புல இறக்கி அணைக்கரைல ஏத்துனா ரெண்டு நாள்.

வெண்ணாறு_மதகு
வேண்டாம் அண்ணே, விளையாட்டுக்குக்கூட எழுதாதீங்க, யாராவது படித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நம் ஆற்றில் ஆளைக் கொல்வது அலை இல்லை, கதவணையும் தடுப்பணையும். சமமாக வழியும் தண்ணீர் அணைத்தளத்தில் விழுந்ததும் மேல்தண்ணீர் பின்னோக்கி, அணையை நோக்கித் திரும்பும். அதில் சிக்கிய கட்டை நாள்கணக்கில் அங்கேயே உருண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மனிதனும் அப்படித்தான். இயற்கை ரேப்பிட்டில் சுழலுக்கு ஓரம் என்று ஒன்று உண்டு, அங்கே வெளியே தள்ளிவிடும். தடுப்பணையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே சுவர், ஓரமே கிடையாது. மேலே இருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும், அதுதான் மோசம்.

மணல் அள்ளிய பள்ளங்கள் தனி. முழங்காலளவில் நடந்துகொண்டே போய் அடுத்த அடி ஆள் மூழ்கும். அணைக்கரை தொடங்கி சிதம்பரம் பக்கத்துக் கொள்ளிடக்கரைக் கிராமங்கள் வரை முதலை உண்டு.

காவிரிக்கும் கேன்யன் உண்டு, நம்மிடம் வருவதற்கு முன்னாலேயே அது முடிந்துவிடுகிறது. மேகதாது, ஒகேனக்கல் எல்லாம் அதுதான். ஒகேனக்கல் பரிசலில் ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்பது நல்லது, எதிரோட்டச் சுழி எப்படிப் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்று பரிசல்காரரின் கையைப் பார்த்தாலே புரியும். நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொன்னிநடை
படகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்தப் பயணத்தில் காயம் படும் இடம் நடைதான்; படகில் ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப் பாதம், வழுக்கும் ரப்பர், அதற்கடுத்து உருண்டைக் கல். நம் பக்கம் கல்லே கிடையாது, வண்டலில் நடந்த கணுக்காலுக்கு உருண்டைக் கல் புதுசு.

இடங்களை ஆற்றுப் போக்கிலேயே சொல்கிறேன். எந்தெந்த இடத்தில் நிறுத்துவது என்பது அன்றைய நீர்மட்டம், முன்னால் நிற்கும் படகு, மேகம் இவற்றைப் பொறுத்துக் கைடு முடிவு செய்வது. பட்டியலைக் காட்டிச் சண்டை போட முடியாது.

ரெட்வால் குகை, 33-ஆவது மைல். படகிலிருந்து இறங்கினால் மணல்தரை, பெரிய மண்டபம் மாதிரி. பாட்டி தாராளமாக நடக்கலாம்.

நான்கோவீப், 53. பாறைச் சுவரில் ஆற்றிலிருந்து சுமார் 700 அடி உயரத்தில் தானியக் குதிர்கள். பியூப்லோ பழங்குடிகளின் முன்னோர்கள் கட்டியவை, தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சற்றுப் பிந்திய காலம். நெல் குதிர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எலிக்கும் ஈரத்துக்கும் பயந்து ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று விளக்கவே வேண்டாம். ஏற்றம் கடுமை. பெரியவர்கள் கீழே நிழலில் இருக்கட்டும். குதிருக்குள் கை விடுவதோ சாய்ந்து படம் எடுப்பதோ கூடாது.

லிட்டில் கொலராடோ, 61. மேலே மழை இல்லாதபோது சுண்ணாம்புச் சத்தால் பால்கலந்த நீலமாக இருக்கும். மழை பெய்திருந்தால் நம் ஆடிப் புதுவெள்ள நிறம்தான்.

எல்வ்ஸ் கேசம், 116. தூரம் குறைவு என்று சொல்லி அழைப்பார்கள். தூரம் குறைவுதான், பாறைமேல் தவழ்ந்து போகிற குறைவு. பையன் போகலாம், முழங்கால் வலி உள்ளவர் வேண்டாம்.

பிளாக்டெய்ல், 120. சமதளம், நிழல். அங்கே கைவிரலை விரித்து இரண்டு பாறை அடுக்குகளைத் தொடலாம். கீழே உள்ளதற்கும் மேலே உள்ளதற்கும் நடுவில் நூறு கோடி ஆண்டுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. எனக்குக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் பெரியவர்கள் தவறவிடக் கூடாதது இதுதான், அருவி எல்லாம் பிறகு.

டியர் கிரீக், 136. அருவி ஆற்றோரத்திலேயே விழுகிறது, இறங்கியதும் பார்க்கலாம். அதற்கு மேலே போகும் பாதை வேறு விஷயம். கடும் ஏற்றம், பிறகு ஒரு பக்கம் பள்ளமாக ஒடுங்கிய கல்விளிம்பு. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர் 'போய்ப் பார்ப்போம்' என்று கிளம்பக்கூடாது, பாதியில் திரும்ப இடமில்லை.

மட்கடமிபா, 148. இரண்டு சுவருக்கு நடுவே கையையும் காலையும் முட்டுக்கொடுத்து நகரும் இடங்கள் உண்டு.

ஹவாசு, 157. பச்சைநீலத் தண்ணீர், மேலே ஹவாசுபாய் மக்களின் நிலம். ஆழமில்லாத ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்கணும். காட்டாற்று வெள்ளம் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய இடம், ஏனென்றால் படகுகளை அந்த ஒடுங்கிய வாயிலேதான் கட்டுவார்கள்.

முடிகொண்டான்
வானம் தெளிவா இருந்தாலும் வெள்ளம் வருமா?

பொன்னிநடை
நமக்கு வருவதில்லையா? குடகில் மழை, திருவையாற்றில் வெள்ளம். அங்கே அதே கதை, மூன்று நாளுக்குப் பதில் மணிக்கணக்கு. தெளிந்த ஓடை திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மண்வாசனை, லாரி வருகிற மாதிரி உறுமல். இதில் ஒன்று தெரிந்தாலும் வாயை நோக்கி ஓடக்கூடாது, பக்கவாட்டில் மேலே ஏறணும். நாம் ஓடுவதைவிட வெள்ளம் வேகம். பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்பாதீர்கள். கடந்த ஓடை பெருகிவிட்டால் அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும்.

இதனால்தான் ஆகஸ்ட் வேண்டாம் என்பேன். அங்கே மழைக்காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, மதியத்துக்கு மேல் இடிமழை. கூடவே பள்ளத்தாக்கின் அடியில் 40 டிகிரிக்கு மேல் வெயில். மோட்டார் படகுக்கு அனுமதி ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரைதான். எனவே செப்டம்பர் கடைசியும் மோட்டாருக்கு இல்லை.

ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி பாருங்கள். இங்கே பள்ளிக்கூட விடுமுறையும் அதுதான். குறை இரண்டு: தண்ணீர் இன்னும் குளிரும், பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று பலமாக அடிக்கும், சில நாள் மணல் சோற்றில் விழும். மோட்டாருக்கு எதிர்க்காற்று பெரிய பாதிப்பில்லை.

அரசலாறு
உடம்பு சம்பந்தமானவை.

வெயில் நடையில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய், வெறும் தண்ணீர் உள்ளே ஏறினால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல், தடுமாற்றம். வெயில் சோர்வு மாதிரியே தெரியும், இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். சிறுநீர் தண்ணீர் நிறத்தில் அடிக்கடி போயும் ஆள் குழம்பினால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கைடிடம் சொல்லுங்கள். முறுக்கு, உப்புக்கடலை, உலர்ந்த நார்த்தங்காய் கையோடு இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான உப்புசர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு என்று எடுங்கள். பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்துக் கலக்காதீர்கள், அளவு பிசகும். அரை நாள் நடைக்குப் பெரியவர்களுக்கு 2 லிட்டர், வெயில் ஏறினால் 3.

நடையில் பருத்திச் சட்டையை ஓடையில் நனைத்துப் போட்டுக்கொள்வது நல்லது. வறண்ட காற்றில் மண்பானை குளிர்கிற மாதிரி உடம்பு குளிரும். படகில் அதே ஈரப் பருத்தி குளிரில் நடுக்கும். படகுக்கு சீக்கிரம் உலரும் துணி, மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும். புடவை, துப்பட்டா, வேட்டி படகில் கூடவே கூடாது, கயிற்றிலும் சட்டத்திலும் சிக்கும்.

தாத்தாவின் இன்சுலினை இரண்டாகப் பிரித்து இரண்டு படகில், தண்ணீர் புகாத தனித்தனி டப்பாவில் வையுங்கள். ஒரு படகு கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். ஐஸ்பெட்டியில் வைத்தால் ஐஸைத் தொடக்கூடாது, உறைந்த இன்சுலின் வீண். நடைக்குக் கிளம்பும்போது சர்க்கரை மிட்டாய் அவர் பையிலேயே இருக்கணும், மற்றவர் பையில் இருந்தால் அது இல்லாத மாதிரி. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர் போகுமுன் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளணும்.

கை கழுவுவதில் சோம்பல் வேண்டாம். 2022-ல் அங்கே நோரோ வைரஸ் படகுக் குழுக்களில் பரவியது. ஆல்கஹால் ஜெல் இதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

குடமுருட்டி
ரொம்ப நன்றி. குடிதண்ணீர் எங்கிருந்து? கழிப்பறை எப்படி? பாட்டி இதைத்தான் முதலில் கேட்கிறார்.

ஓடக்கோல்
குடிதண்ணீர் ஆற்றிலிருந்துதான். கலங்கல் அதிகமானால் வாளியில் படிகாரம் போட்டு ராத்திரி தெளிய வைப்பார்கள், தெளிந்ததை வடிகட்டிப் பம்பில் விட்டு, கடைசியில் சொட்டுக் குளோரின். பானையில் தேத்தாங்கொட்டை தேய்த்த வீட்டுக்காரர்களுக்கு முதல் படி புதுசில்லை. படிகாரம் கிருமியைக் கொல்லாது, வடிகட்டி அடைக்காமல் இருக்கத்தான். தெளிந்து தெரிகிறதே என்று வாளியிலிருந்து மொண்டு குடிக்காதீர்கள்.

மலம் ஒரு சொட்டுகூட அங்கே விடக்கூடாது. மூடி இறுகும் உலோகப் பெட்டியில் மேலே இருக்கை வைத்து, கேம்ப்பிலிருந்து தள்ளி மறைவில் வைப்பார்கள். பயணம் முடியும்வரை படகிலேயே வெளியே கொண்டுபோவார்கள். இதில் சிறுநீர் கலக்கக்கூடாது, பெட்டி சீக்கிரம் நிரம்பும். சிறுநீர் ஆற்றில்.

கடைமடை
ஆத்துலயா? ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி வைக்கிற நாமளா?

ஓடக்கோல்
கேட்க அப்படித்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான பேர் ஒவ்வொரு ஆண்டும் அதே சில மணல்திட்டுகளில்தான் படுக்கிறார்கள், மழை மிகக் குறைவு. கரையில் விட்டால் மணல் நாறிப்போகும். ஆற்றிலோ விநாடிக்கு 8,000 கன அடி ஓடுகிறது. அதனால் அங்கே விதியே அதுதான். பக்க ஓடைகளில் மட்டும் கூடவே கூடாது, அவை சின்னவை, குளிக்கிற இடம். சோப்பும் அப்படித்தான்: ஓடையில் கிடையாது. பெண்கள் ராத்திரிக்கு ஒரு மூடி போட்ட சின்ன வாளி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காலையில் ஆற்றில் ஊற்றிக் கழுவிடலாம். இருட்டில் தனியாக ஆற்றோரம் போவதுதான் ஆபத்து.

பொன்னிநடை
பயிற்சி கேட்டிருந்தீர்களே. சுவாமிமலை 60 படியில் ஏறி இறங்கி ஒன்றும் ஆகாது. கொல்லிமலை ஆகாயகங்கைக்குப் போங்கள்: ஆயிரத்துக்கு மேல் படி, முதலில் இறக்கம், பிறகு களைத்த காலோடு ஏற்றம். கேன்யன் பக்கப் பள்ளத்தாக்குகளில் ஏற்றம் முதலில் வந்தாலும், தொடை நடுங்குவது இறங்கும்போதுதான். இரண்டும் அங்கே பழகும். இரண்டு மாதத்தில் நாலைந்து தடவை, அதே செருப்பு அல்லது ஷூவோடு, முதுகில் 3 லிட்டர் தண்ணீரோடு. வீட்டில் இருக்கும்போது ஒற்றைக்காலில் நின்று பல் தேய்க்கலாம், சிரிப்பாக இருந்தாலும் கணுக்காலுக்கு நல்லது. பாட்டியை நீச்சல்குளத்தில் ஜாக்கெட்டோடு மல்லாந்து மிதக்க மட்டும் பழக்குங்கள், முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது பதறாமல் இருந்தால் போதும்.

வெண்ணாறு_மதகு
பதிவு செய்யுமுன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: தேசியப் பூங்கா அனுமதி பெற்ற நிறுவனமா, எந்த மைலில் ஏறி எந்த மைலில் இறக்கம், சைவச் சாப்பாட்டுக்குத் தனிப் பாத்திரமா, பை எடை வரம்பு, அவசரத்துக்கு செயற்கைக்கோள் போன் உண்டா, ஹெலிகாப்டர் மீட்புச் செலவு யார் தலையில். மீட்புச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் 66 வயதுக்காரரை அனுப்பாதீர்கள். செல்போன் சிக்னல் கிடையாது. ஒருவர் ஆண்டுக்கு ஒரே பயணம்தான் போகலாம் என்று பூங்கா விதி இருக்கிறது. ஓராண்டு முன்னாலேயே இடம் நிறைவதும் சாதாரணம்.

முடிகொண்டான்
தேள் உண்டா?

பொன்னிநடை
உண்டு. பட்டைத்தேள் என்று ஒரு சின்ன வகை, நம் செந்தேளைவிட வெளிறியது. காலையில் ஷூவைத் தட்டிப் போடணும், படுக்கையைத் தூங்கப்போகும்போதுதான் விரிக்கணும். பாறை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்கக்கூடாது, பாம்புக்கும் இதே விதி.

குடமுருட்டி
அப்படியென்றால் மே மாதம், மோட்டார், முழு நீளம். வீட்டில் கடைசியாக ஒரு கேள்வி: தாலிச் சங்கிலி, மெட்டி, மோதிரம் போட்டுக்கொண்டு போகலாமா?

அரசலாறு
சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றுக்கு மாறச் சொல்லுங்க அக்கா. கயிறு சின்னதாக, சட்டைக்குள்ளே, அதன்மேல் ஜாக்கெட். வெளியே தொங்கினால் படகுக் கயிற்றில் மாட்டும். மோதிரம் வேண்டாம், வெயிலில் நாலு நாள் போனால் விரல் வீங்கி வெட்டித்தான் எடுக்கணும்.

மெட்டியைக் கழற்றித்தான் ஆகணும். அதன் அடியில் மணல் தங்கி ஈரத்தோடு உராயும். அந்த ஆற்றில் காலில் வருகிற தொல்லை நம் சேற்றுப்புண்ணேதான்: நாள் முழுக்க ஈரம், சாயங்காலம் வறண்ட காற்று, தோல் வெடித்து வெடிப்பில் வண்டல். விரலிடுக்கில் தொடங்கும், மூன்றாம் நாள் நடக்க முடியாது. கேம்ப் வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, வாசலினோ விளக்கெண்ணெயோ தடவிச் சுத்தமான காலுறை போட்டுப் படுக்கணும். ராத்திரிக்கென்று தனியாக இரண்டு ஜோடி, பகலில் தொடவே கூடாது.